ரட்லண்டும் நம் ஏற்காடும்: ஒரே பரப்பு, இரண்டு கதைகள்

  இங்கே நாகலூரில் பனி இன்னும் விட்டபாடில்லை. காலை ஒன்பது மணி வரை எதிர்வீட்டுக் கூரை தெரிவதில்லை. காபிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது.

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

பொங்கலன்று இங்கிலாந்திலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் பேசினார். லெஸ்டர் நகரில் வேலை. வாழ்த்துச் சொல்லிவிட்டு, "சார், எங்க ஊருக்குப் பக்கத்துல ரட்லண்ட்னு ஒரு குட்டி மாவட்டம் இருக்குதுங்க. போன மாசம் குடும்பத்தோட போய்ட்டு வந்தோம். மொத்தமே 382 சதுர கிலோமீட்டராம். நம்ம ஏற்காடு தாலுகா எவ்வளவு சார்?" என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பில் ஏற்காட்டின் நான்கு எல்லைகளைச் சொல்லச் சொன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்ற பையன் அவர். இன்று அவர் கேள்வி கேட்க, பதில் தேட வேண்டியவன் நானாகிவிட்டேன்.

பதில் என்ன தெரியுமா? ஏற்காடு வட்டத்தின் பரப்பு, காப்புக்காடுகளையும் சேர்த்து, 382.67 சதுர கிலோமீட்டர். எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன். மக்கள் தொகையும் கிட்டத்தட்ட அதேதான். ரட்லண்டில் 2021 கணக்கெடுப்பின்படி 41 ஆயிரம் பேர். நம் வட்டத்தில் 2011 கணக்கெடுப்பில் நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. ஒரே அளவு நிலம், ஒரே அளவு ஜனம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சரி, இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாடம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நிலம்.

ரட்லண்ட் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. பழைய கவுண்டிகளில் மிகச் சிறியது. தலைநகர் ஓக்கம் என்ற சிற்றூர். அங்குள்ள மிக உயர்ந்த மேடு 197 மீட்டர். நம் சேலம் நகரமே அதைவிட உயரத்தில் இருக்கிறது! நடுவில் ரட்லண்ட் வாட்டர் என்ற பெரிய நீர்த்தேக்கம். 1970-களில் கட்டினார்கள். அதற்காக ஒரு சிறு கிராமமே தண்ணீருக்குள் போனது. மற்றபடி புல்வெளி, கோதுமை, ஆடு, கல் வீடுகள்.

நம் மலை வேறு கதை. ஏற்காடு ஊர் சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். மலையை வாணியாற்றுப் பள்ளத்தாக்கு கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளந்து போடுகிறது. இந்த மலையில் பெய்கிற மழை எல்லாம் ஒரே ஆற்றுக்குப் போவதில்லை என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? வாணியாற்றில் விழுந்த தண்ணீர் வடக்கே இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. சரபங்கா, திருமணிமுத்தாறு வழியாக இறங்கும் தண்ணீர் காவிரிக்குப் போகிறது. ஒரே மேகம்தான். எந்தச் சரிவில் விழுந்தது என்பதைப் பொறுத்து அது போய்ச் சேரும் இடம் மாறுகிறது. இதை மனதில் வையுங்கள். பின்னால் மனிதர்களுக்கும் இதே கதைதான் வரப்போகிறது.

வரைபடத்தில் அளவுகோல் வைத்தால் நம் இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் இருக்கும். நடந்து பார்த்தால் ஒரு பள்ளம் இறங்கி, ஒரு ஓடை தாண்டி, ஒரு ஏற்றம் ஏற வேண்டும். அரை நாள் போய்விடும். ரட்லண்டில் மூன்று கிலோமீட்டர் என்றால் மூன்று கிலோமீட்டர்தான். இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது, மூச்சில் அளக்க வேண்டும். மலையின் ஆட்சி பற்றிப் பேசும்போது சமவெளிக்காரர்கள் மறந்துபோகிற முதல் விஷயம் இதுதான்.

என் அப்பா பட்டா சம்பந்தமாக ஒரு கையெழுத்து வாங்கக் கீழே இறங்கிய கதையை நம் சொந்தங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். முதல் நாள் விடியற்காலையில் களி கட்டிக்கொண்டு இறங்கினார். அன்று அதிகாரி இல்லை. திண்ணையில் படுத்துக் கிடந்தார். இரண்டாம் நாள் அதிகாரி இருந்தார், காகிதம் ஒன்று குறைந்தது. மூன்றாம் நாள் மலையேறி வந்து காகிதத்தைத் தேடினார். மறுபடி இறங்கினார். "கையெழுத்துப் போட ஒரு நிமிசம், அதுக்கு நாலு நாள் கூலி போச்சு" என்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் உள்ளாட்சி என்றால் என்ன என்பதை இந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போடுகிறவர் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்? கேள்வி அவ்வளவுதான்.

இனி ஆட்சி. கொஞ்சம் பின்னால் போவோம்.

நம் மலைவாழ் மக்களை மலையாளி என்று சொன்னால், வெளியூரில் படிக்கும் நம் பேரப்பிள்ளைகளைக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்களாம். மலையை ஆள்பவன் மலையாளி. பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது நம் பாட்டிமார் சொன்ன வழிவழிக் கதை. கதை எந்த அளவுக்கு வரலாறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். மூன்று மலைக்காரர்களும் தங்களை ஒரே குடும்பமாக நினைத்தார்கள் என்பதற்கு அந்தக் கதை சாட்சி.

சேர்வராயன் மலையை நம் முன்னோர் மூன்று நாடுகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சேலநாடு, முட்டநாடு, மோகநாடு. ஒவ்வொரு நாட்டுக்கும் பட்டக்காரர். அவருக்குக் கீழே ஊருக்கு ஊர் பெரியதனக்காரர்கள். கல்யாணம், பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறு, திருவிழா வரி எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். இன்றைக்கும் மே மாதத்தில் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் திருவிழா எடுக்கும்போது மலையின் 67 கிராமமும் ஒன்றாகக் கூடுகிறது. அந்தத் திருவிழாவை வெறும் சாமி கும்பிடுதலாக நான் பார்ப்பதில்லை. இந்த மலை தன்னைத் தானே ஆண்ட காலத்தின் மிச்சம் அது.

பழையது எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. அந்தச் சபையில் பெண்களுக்கு இடம் கிடையாது. பட்டக்காரர் பதவி அப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாடப்புத்தகத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டு படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் உறவுக்காரனும் நிற்கக் கூடாது என்று அன்றே விதி. பெருமைதான். ஆனால் அது ஏரிப்பாசனம் உள்ள சமவெளி ஊரின் ஏற்பாடு. மலைக்கு என்று தனியாக ஒரு முறை இருந்தது, அதைக் கல்லில் வெட்டவில்லை, அவ்வளவுதான்.

1792-ல் திப்பு சுல்தானுடன் செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம், பாராமகால் பகுதி கம்பெனியார் கைக்கு வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காபிச் செடி கொண்டுவந்தார். அதன்பின் தோட்டங்கள், பங்களாக்கள், பள்ளிகள், தேவாலயங்கள். மலைக்கு வெளியே இருந்து வந்தவர்கள் மலையின் நடுவே ஒரு ஊரை உண்டாக்கினார்கள். அதுதான் ஏரியும் காடும் சேர்ந்த ஏற்காடு. சாலை, தபால், காவல் நிலையம், தாலுகா ஆபீஸ் எல்லாம் அந்த ஒரு ஊரைச் சுற்றி வளர்ந்தன. மூன்று நாடுகளும் அந்த ஊரின் கொல்லைப்புறம் ஆகிவிட்டன.

இந்தியாவில் நவீன உள்ளாட்சிக்கு வித்திட்டவர் என்று ரிப்பன் பிரபுவைச் சொல்வார்கள். 1882-ல் அவருடைய தீர்மானம். 1884-ல் சென்னை மாகாண உள்ளாட்சி வாரியச் சட்டம். அதன்படி ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, கிராம யூனியன். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தின் கிராமங்களுக்கே தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில் வந்தது 1894-ல்தான். நம்முடைய கிராம ஊராட்சிக்கும் அவர்களுடைய பாரிஷ் கவுன்சிலுக்கும் ஏறத்தாழ ஒரே வயது என்று வைத்துக்கொள்ளலாம்.

சுதந்திரத்துக்குப் பின் காமராஜர் ஆட்சியில் 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1960-லிருந்து படிப்படியாக ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. நம் ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள்: ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், வாழவந்தி, வெள்ளக்கடை, வேலூர், செம்மநத்தம், தலைச்சோலை. 67 கிராமங்களை ஒன்பது ஊராட்சிகளுக்குள் அடக்கியிருக்கிறார்கள். சராசரியாக ஒரு ஊராட்சிக்கு ஏழெட்டுக் கிராமம். சமவெளியில் ஊராட்சி அலுவலகம் என்றால் பக்கத்துத் தெரு. இங்கே சில ஊர்களுக்கு அது அடுத்த மலை.

இப்போது எல்லைக்கோட்டின் கதைக்கு வருகிறேன். மேகம் விழுந்த சரிவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா?

1965-ல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 1997 ஜனவரி 1-ல் நாமக்கல் பிரிந்தது. சின்னண்ணனின் கொல்லிமலை நாமக்கல்லுக்குப் போய்விட்டது. நடுவண்ணனின் பச்சைமலை திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று பங்கு போடப்பட்டிருக்கிறது. பெரியண்ணனின் மலை மட்டும் சேலத்தில் முழுசாக நிற்கிறது. கல்வராயன் மலையோ 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நம் தலைமுறை பள்ளிக்கூடத்தில் குடியரசு பற்றிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்து மலைக்காரர்கள் ஜாகீருக்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள்!

எல்லைக்கோடு காகிதத்தில்தானே இருக்கிறது, அதனால் என்ன என்று கேட்பீர்கள். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருப்பவர்களும் தங்களை மலையாளி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதி முன்பு கோயம்புத்தூர் மாவட்டம். கோயம்புத்தூர் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லை. எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் வகுப்பில் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஒரு சான்றிதழால் கல்லூரிக்குப் போனீர்கள், உதவித்தொகை வாங்கினீர்கள், அரசு வேலைக்கு வந்தீர்கள் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஒரே மேகம், வேறு சரிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கான தனித்தொகுதி. 2013 இடைத்தேர்தலின்போது மந்திரிகள் எல்லாம் நம் மலையில் முகாமிட்டது நினைவிருக்கும். ஆனால் அந்தத் தொகுதியில் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளி ஊர்களும் சேர்ந்தே இருக்கின்றன. பெயர் மலையினுடையது, ஓட்டில் பெரும்பகுதி கீழே. ரட்லண்டுக்கும் இதே கதை. அதற்குத் தனியாக எம்.பி. கிடையாது. பக்கத்து ஊரைச் சேர்த்து ரட்லண்ட்-ஸ்டாம்ஃபோர்டு என்று தொகுதி வைத்திருக்கிறார்கள். சிறிய இடங்களின் தலையெழுத்து எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆனால் இங்கேதான் இரண்டு கதையும் பிரிகிறது.

1960-களின் தொடக்கத்திலேயே ரட்லண்டைப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. ஊரே எதிர்த்து நின்று தப்பித்தது. ஆனால் 1972-ல் புதிய உள்ளாட்சிச் சட்டம் வந்தது. 1974 ஏப்ரல் 1-ல் ரட்லண்ட் லெஸ்டர்ஷயர் கவுண்டியின் ஒரு சிறு வட்டமாகிவிட்டது. பெரியதாக இருந்தால் செலவு குறையும், நிர்வாகம் திறமையாக நடக்கும் என்பதுதான் அன்று சொன்ன காரணம். அந்த மக்கள் விடவில்லை. நாங்கள் ரட்லண்ட்காரர்கள் என்று சொல்லிக்கொண்டே 23 வருடம் இருந்தார்கள். 1997 ஏப்ரல் 1-ல் ரட்லண்டுக்குத் தனி ஆட்சி திரும்பக் கிடைத்தது. நம்மிடமிருந்து கொல்லிமலை பிரிந்த அதே வருடம்!

இன்று ரட்லண்ட் கவுன்சிலில் 27 உறுப்பினர்கள். அந்த ஒரே சபைதான் சாலை போடுகிறது, பள்ளிக்கூட விவகாரத்தைப் பார்க்கிறது, முதியோரைக் கவனிக்கிறது, நூலகம் நடத்துகிறது, குப்பை அள்ளுகிறது, எங்கே வீடு கட்டலாம் எங்கே கூடாது என்று முடிவு செய்கிறது. 41 ஆயிரம் பேருக்கு இவ்வளவும். அவர்களுடைய இலச்சினையில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் இருக்கிறது. பொருள், சிறியதற்குள் நிறைய. நம் ஊரில் கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்போமே, அதேதான்.

அதே அளவு நிலமும் ஜனமும் உள்ள நம் மலையில் யார் எதைச் செய்கிறார்கள்? பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். காடு வனத்துறையிடம். பள்ளி கல்வித் துறையிடம். மருத்துவமனை சுகாதாரத் துறையிடம். நிலம் வருவாய்த் துறையிடம். இவை எல்லாவற்றுக்கும் தலைமை கீழே சேலத்திலோ சென்னையிலோ இருக்கிறது. ஊராட்சியின் கையில் மிச்சம் இருப்பது குடிதண்ணீர், தெருவிளக்கு, சுகாதாரம், ஊர்ச் சாலை, வீட்டு வரி.

வடக்கே சில மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகளை அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே 1996-ல் வந்த தனிச் சட்டப்படி நிலம், சிறு வனப் பொருள், வழக்கங்கள் பற்றிக் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் உண்டு. பத்து மாநிலங்களில் அப்படிப்பட்ட பகுதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே சேர்வராயன் மலை ஊராட்சிக்கும் காவிரிக்கரை ஊராட்சிக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் கிடையாது.

அதற்காக இருப்பதைச் சிறிதாக நினைத்துவிடாதீர்கள். என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவளுக்கு வெட்கம். எட்டாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது வார்டு உறுப்பினருக்கு நின்றாள். கிராமத்து வாக்காளருக்கு நான்கு ஓட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வார்டு உறுப்பினருக்குத் தனிச் சீட்டு. பல வருடம் தேர்தல் வேலை பார்த்து, ஜீப் போகாத ஊருக்கு வாக்குப்பெட்டியைத் தலைச்சுமையாக ஆள் தூக்கிவரப் பின்னால் நடந்தவன் நான். அன்று வரிசையில் நின்று அவள் பெயருள்ள சீட்டில் முத்திரை குத்தும்போது கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

ஜெயித்தாள். ஆறு மாதம் கழித்து வந்து, "சார், கூட்டத்துல வாயத் தொறக்க மாட்டேன், கையெழுத்து மட்டும் போடுவேன்னு நெனச்சிருந்தாங்க. தீர்மானப் புஸ்தகத்தக் குடுங்க, படிச்சிட்டுத்தான் போடுவேன்னு சொல்லிட்டேன்" என்றாள். அவள் வார்டில் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் வந்தது. அதற்கு முன்னால் பெண்கள் குடத்தோடு பள்ளம் இறங்கி ஏறினார்கள். அவள் ஒன்றும் பெரிய அரசியல் செய்யவில்லை. அந்தப் பள்ளத்தில் தானும் குடம் தூக்கி ஏறியவள், அவ்வளவுதான். எங்கே குழாய் போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் வரைபடம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதம் 5-ஆம் தேதியோடு அவளுடைய பதவிக்காலம் முடிந்தது. நம் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டு முடிந்துவிட்டது. புதுத் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். முன்பும் இப்படி நடந்தது. 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோய், மூன்று வருடத்துக்கு மேல் தலைவரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. தேர்ந்தெடுத்த சபை இல்லாததால் மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் நிறுத்தப்பட்டது. தனி அலுவலர்களைக் குறை சொல்லவில்லை. நல்லவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் ஒன்பது ஊராட்சிக்கும் எப்படிக் குடம் தூக்க முடியும்?

இன்னொரு செய்தியும் வந்திருக்கிறது. புத்தாண்டையொட்டி அரசு வெளியிட்ட புதிய பேரூராட்சிகளின் பட்டியலில் ஏற்காட்டின் பெயரும் இருக்கிறது. இது பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

சனி, ஞாயிறு ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிற கூட்டத்துக்கு ஒரு கிராம ஊராட்சியின் வருமானத்தில் குப்பை அள்ள முடியுமா, கழிவுநீர் வாய்க்கால் கட்ட முடியுமா? முடியாது. ஊட்டியும் கொடைக்கானலும் எப்போதோ நகராட்சி ஆகிவிட்டன. பேரூராட்சி ஆனால் நிதி கூடும், பணியாளர்கள் கூடுவார்கள். லாட்ஜ் வைத்திருப்பவர்களும் கடைக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

மறுபக்கம் தோட்டக் கூலிக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள். நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்குத்தானே? பேரூராட்சி ஆனால் அது என்ன ஆகும்? வீட்டு வரி ஏறுமா? கிராம சபையில் எழுந்து நின்று கேட்கிற உரிமை எங்கே போகும்? இதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுத்தான் எல்லைக்கோடு போட வேண்டும் என்பது என் எண்ணம். கோடு போடுகிறவர்கள் வரைபடத்தோடு நிறுத்திவிடாமல் ஒருமுறை பள்ளம் இறங்கி ஏறிப் பார்க்க வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், ரட்லண்டிலும் இதே மாதத்தில் இதே பேச்சுத்தான். டிசம்பர் 16-ல் இங்கிலாந்து அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான இடங்களில் ஒரு கவுன்சிலுக்கு ஐந்து லட்சம் மக்களாவது இருக்க வேண்டும் என்கிறது அது. 41 ஆயிரம் பேர் உள்ள ரட்லண்ட் என்ன செய்யும்? "சார், அங்க கடைக்கார அம்மா ஒருத்தங்க, 'போன தடவ 23 வருசம் ஆச்சு, இந்தத் தடவ எத்தன வருசம் ஆகுமோ'ன்னு சிரிச்சாங்க" என்று மாணவர் சொன்னார். அந்தச் சிரிப்பில் இருக்கிற பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் 1974-ல் தோற்றார்கள். ஆனால் தங்கள் ஊரின் பெயரை மறக்கவில்லை. அதனால்தான் 1997 வந்தது.

நாம்? நம் மூன்று நாடுகளின் பெயரை என் பேத்தியிடம் கேட்டேன். தெரியவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லிக் கொடுக்காதவன் நான். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். இந்தியாவின் தலைநகரம், தமிழ்நாட்டின் ஆறுகள், உத்திரமேரூரின் முப்பது வார்டு எல்லாம் ஒப்பிக்க வைத்தேன். நம் ஊராட்சியில் எத்தனை வார்டு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்பது சாக்கு. என் தவறுதான் அது. அந்தத் தவறைத் திருத்தத்தான் இந்த நீண்ட பதிவு.

இப்போது நான் கேட்க வந்தது. வரும் 26-ஆம் தேதி, குடியரசு தினத்தன்று, கிராம சபை. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத கிராம சபை. அதனால்தான் இந்த முறை ஆட்கள் அதிகமாக வர வேண்டும் என்கிறேன். கூட்டம் கூட்டுவது அதிகாரியாக இருக்கலாம், சபை நம்முடையது. மலையில் இருக்கிற சொந்தங்கள் வேலையை ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு வந்து உட்காருங்கள். தண்ணீர்க் கணக்கைக் கேளுங்கள், விளக்குக் கணக்கைக் கேளுங்கள், பேரூராட்சி பற்றி உங்கள் எண்ணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என் மாணவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். "இப்ப நான் மெம்பர் இல்லீங்க சார், வரலாமுங்களா?" என்று கேட்டாள். "மெம்பர் பதவிக்குத்தாம்மா காலக்கெடு, ஊர்க்காரிக்குக் கிடையாது" என்றேன்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களே, உங்களுக்கு வீட்டுப்பாடம். நீங்கள் பிறந்த ஊர் எந்த ஊராட்சி, அதில் எத்தனை குக்கிராமம், உங்கள் தாத்தா எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். 67 ஊரின் பெயரும் சேர்ந்துவிட்டால் நானே ஒரு படம் வரைந்து போடுகிறேன். கை நடுங்கினாலும் கோடு நேராக வரும், பயப்பட வேண்டாம்.

லெஸ்டர் மாணவருக்கு மட்டும் ஒரு தனி வரி: தம்பி, அன்று நீ சொல்லாமல் விட்ட நான்கு எல்லைகளை இன்னும் நான் மறக்கவில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொல்லியாக வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்
நாகலூர், 19.1.2025